நடிக்கும் நோயாளிகளிடம் பாடம் கேட்கும் பட்டறை: போகலாமா?

மருத்துவ மாணவர்களுக்கு நோயாளியிடம் எப்படிப் பேசுவது, அதைவிட முக்கியமாக எப்படிக் கேட்பது என்று சொல்லித்தரும் இரண்டு நாள் பட்டறைக்குப் போய்வந்தேன். நடத்தியவர்கள் பெயரை விட்டுவிடுகிறேன், ஏனென்றால் இப்போது பல இடங்களிலும் ஏறக்குறைய இதே அமைப்பில்தான் நடத்துகிறார்கள். நோயாளியாக நடிப்பவர்களோடு உட்காரும் பகுதி ஒன்றுக்காகவே தாராளமாகப் போகலாம். மற்றதெல்லாம் சுமார்.

அந்தப் பகுதி எப்படி நடக்கிறது என்றால், பயிற்சி பெற்ற ஒருவர் கையில் ஒரு கதையோடு வந்து உட்காருவார், நாம் ஹிஸ்டரி எடுக்க, அதாவது கேள்வி கேட்டு அவருடைய நோயின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் குழுவுக்கு வந்தவர் சர்க்கரை கட்டுக்குள் வராத ஒரு நடுவயதுப் பெண்ணாக நடித்தார். என்னோடு வந்த மாணவர் மளமளவென்று கேட்டுக்கொண்டே போனார். “மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?” என்றதற்கு அவர் “போடறேன் டாக்டர், ஆனா...” என்று இழுத்தார். இவர் கேஸ் ஷீட்டைத் திருப்பி, “கால் மரத்துப்போகுதா?” என்று அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டார். நேரத்துக்குள் முடித்தார், செக்லிஸ்ட்டில் எல்லாக் கட்டமும் டிக். டோஸைக் கூட்டலாம் என்பது அவர் முடிவு.

அப்புறம் அந்தப் பெண் வேடத்தைக் கலைத்துவிட்டுப் பேசினார். “நான் ‘ஆனா’ன்னு ஆரம்பிச்சேன் தம்பி, நீங்க பேப்பரைத் திருப்பினீங்க. சரி, இவருக்கு இது வேண்டாம் போலன்னு விட்டுட்டேன்.” மறுபடி அதே காட்சியை நடத்தச் சொன்னார்கள். இந்த முறை மாணவர் ‘ஆனா’ வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். மாத்திரை போட்டால் வேலை நேரத்தில் கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, மெஷின் பக்கத்தில் நிற்கிற வேலை என்பதால் பயந்துபோய்ப் பாதி நாள் மாத்திரையே போடுவதில்லை என்று எல்லாம் வெளியே வந்தது. சர்க்கரை தாழ்ந்துபோகிறதோ என்று யோசிக்க வேண்டிய இடம் அது. அங்கேதான் முதல் தடவை டோஸைக் கூட்டப் பார்த்தோம்!

இது பண்பாகப் பேசுவது சம்பந்தப்பட்ட பாடம் மட்டும் என்று நினைத்துப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், காது கொடுக்காவிட்டால் சிகிச்சையே தப்பாகிவிடும். 1984ல் பெக்மேன், ஃபிராங்கல் என்ற இருவர் செய்த ஆய்வில் நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடியிலேயே மருத்துவர் குறுக்கிட்டார். “கேட்க நேரம் எங்கே இருக்கிறது” என்பவர்களுக்கு 1999ல் வந்த இன்னொரு ஆய்வில் பதில் இருக்கிறது: முழுதாகச் சொல்லவிட்டால் சராசரியாக 6 விநாடிதான் கூடுதலாக ஆனது.

நடிக்கும் நோயாளி என்பது புது யோசனையும் இல்லை. தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1963லேயே தொடங்கிவைத்தது. இத்தனை வருஷம் கழித்தும் பட்டறையில் புதுசாகப் பட்டது இதுதான் என்றால் மற்ற சரக்கின் தரத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கண்முன் செயற்கைக் காட்சியைக் காட்டும் விஆர் கண்ணாடியை மாட்டினால் விழித்திரை நோய் வந்தவர் பார்ப்பது போல நடுவில் மங்கலாகத் தெரியும். ரெண்டு நிமிஷம் வியந்தோம், செல்ஃபி எடுத்தோம், அவ்வளவுதான். அதற்குப் பக்கத்து மேஜையில் தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு மாத்திரை அட்டையைப் பிரிக்கச் சொன்னார்கள், அது எவ்வளவோ மேல். பாதிப் பேருக்கு மாத்திரை உடைந்தது, சிலருக்குத் தரையில் உருண்டது. மூட்டுவலிக்காரருக்கு மூன்று வேளைக்கு எழுதித் தருவது எவ்வளவு சுலபம் என்று அங்கே உறைக்கிறது.

ஏஐ நோயாளியோடு செல்போனில் பேசிப் பழகும் வசதியும் தந்தார்கள். கேள்விகளைக் கோர்வையாகக் கேட்டுப் பழக உதவும், பரீட்சைக்கு முந்தின இரவு கைகொடுக்கும். ஆனால் நாம் பேப்பரை எத்தனை முறை திருப்பினாலும் அது மனம் சுருங்காது, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். பயிற்சியின் உயிரே அங்கே போய்விடுகிறது.

பெரிய குறை செக்லிஸ்ட். ரொனால்ட் ஹார்டன் என்ற மருத்துவக் கல்வியாளர் ஸ்காட்லாந்தின் டண்டீயில் கொண்டுவந்து 1975ல் எழுதிய ஆஸ்கி (OSCE) என்ற மருத்துவச் செய்முறைத் தேர்வு, எல்லாருக்கும் ஒரே மாதிரி நோயாளி, ஒரே அளவுகோல் என்பதால் நியாயமானது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ‘பரிவு காட்டினார்’ என்று ஒரு கட்டம் போட்டு அதற்கு மார்க் வைத்தால் என்ன ஆகும்? மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து “உங்க கஷ்டம் எனக்குப் புரியுது” என்று ஒப்பித்துவிட்டுப் போகிறார்கள். சொல்லும்போது கண் கடிகாரத்தில்.

இன்னொன்று, பட்டறை முடிந்து வார்டுக்குப் போனால் ரவுண்ட்ஸ் பழைய வேகத்தில்தான் நடக்கிறது, கேஸ் பெயரைச் சொல்லித்தான் நோயாளியைக் கூப்பிடுகிறார்கள். மருத்துவ மாணவர்களின் பரிவு மூன்றாம் வருஷத்தில், அதாவது அவர்கள் நோயாளிகளோடு பழகத் தொடங்கும் சமயத்தில், குறைகிறது என்று 2009ல் ஹோஜாத் என்ற ஆய்வாளரின் குழுவினர் எழுதியது சும்மா இல்லை. அமெரிக்காவின் ஹார்வர்டில் 2004 முதல், அங்குள்ள கேம்பிரிட்ஜ் மருத்துவமனையில், சில மாணவர்கள் ஒரே நோயாளிகளைப் பல மாதம் பின்தொடரும் முறையை நடத்திப்பார்த்தார்கள். எனக்கென்னவோ அந்த மாதிரி ஏற்பாட்டோடு சேர்ந்தால்தான் இந்தப் பட்டறைக்கு முழுப் பலன் கிடைக்கும் என்று படுகிறது.

பதிவு செய்வதற்கு முன் நடத்துபவர்களிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். நடிப்பவர் வேடத்தைக் கலைத்துவிட்டு மாணவரிடம் நேரடியாகப் பேசுவாரா, பேசிய பிறகு அதே காட்சியை மறுபடி செய்ய விடுவார்களா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் போங்கள். “ஃபீட்பேக் ஃபார்ம் மெயிலில் வரும்” என்று சொன்னால் வேண்டாம், மிச்சத்தை வீட்டில் உட்கார்ந்தே படித்துக்கொள்ளலாம்.