தேதியா, டிகிரியா? ஃபிரிட்ஜில் எதை நம்புவது

பால் உறையில் உள்ள தேதியைத் திருப்பித் திருப்பிப் படிப்பவரிடம், உங்கள் ஃபிரிட்ஜ் எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விழிப்பார். குமிழை 4இல் வைத்திருக்கிறேன், அப்படியென்றால் 4 டிகிரிதானே என்பவரும் உண்டு. குமிழில் இருப்பது டிகிரி அல்ல, குளிரின் படிநிலை மட்டுமே.

தேதி, வெப்பமானி இரண்டில் ஒன்றைத்தான் நம்பலாம் என்றால் நான் வெப்பமானியின் பக்கம். ஏனென்றால் தேதி நிபந்தனையோடு வருகிறது. இத்தனை டிகிரிக்குள் வைத்திருந்தால்தான் அது செல்லும் என்று பக்கத்திலேயே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். தேதியைக் கண்டதும் கண் அந்தப் பொடி எழுத்தைத் தாண்டிவிடும். 4 டிகிரியை மனத்தில் வைத்துக் குறித்த நாள், 9 டிகிரியில் ஓடும் பெட்டிக்குள் வெறும் மை. உறையைப் பிரித்துவிட்டாலும் அப்படித்தான். பிறகு ‘திறந்தபின் இத்தனை நாள்’ என்ற வரிதான் கணக்கு. சமைத்து எடுத்துவைத்த மீதத்துக்கோ தேதியே கிடையாது.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழ் வைக்கச் சொல்கிறது. பிரிட்டனின் உணவுத் தர முகமை 5 வரை அனுமதிக்கிறது. ஃப்ரீசருக்கு மைனஸ் 18. அளப்பதற்கு, தண்ணீர் ஊற்றிய தம்ளரில் வெப்பமானியை இட்டு நடுத்தட்டில் ஓர் இரவு விட்டுவையுங்கள். கதவைத் திறக்கும்போதெல்லாம் காற்றின் வெப்பம் துள்ளும். உணவின் உண்மை நிலைக்கு நெருக்கமானது தண்ணீர்தான். கதவுத் தட்டு பொதுவாகக் குளிர் குறைந்த இடம். பால் புட்டிக்கு அங்கேயே இடம் ஒதுக்கி வடிவமைப்பவர்களை என்ன சொல்வது!

ஆனால், உணவு உங்கள் கைக்கு வருமுன் எவ்வளவு நேரம் வெயிலில் கிடந்தது என்பதை வெப்பமானியும் அறியாது. 4 டிகிரியிலும் மெதுவாக வளரும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவையும் அது தடுக்காது. சூடாக்காமல் உண்ணும் இறைச்சித் துண்டுகள், புகையூட்டிய மீன் போன்றவற்றில் ‘யூஸ் பை’ (இதற்குள் பயன்படுத்திவிடு) தேதியைத் தாண்டக் கூடாது. கர்ப்பிணிகளும் முதியவர்களும் இதில் கூடுதல் கண்டிப்போடு இருக்க வேண்டும். ‘பெஸ்ட் பிஃபோர்’ வேறு சங்கதி. அது சுவையும் மொறுமொறுப்பும் குறையத் தொடங்கும் நாள், அவ்வளவுதான். பன்னாட்டு உணவு விதித்தொகுப்பான கோடெக்ஸ், 2018இல் திருத்திய லேபிள் விதிகளிலும் உணவின் தரத்துக்கு ஒரு தேதி, பாதுகாப்புக்கு இன்னொன்று என்றே பிரிக்கிறது. பிஸ்கட்டை ‘பெஸ்ட் பிஃபோர்’ நாளுக்கு மறுநாளே குப்பையில் போடுவது வீண்.

மூக்கை நம்பலாமா? பாலைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் வேறு, நோய் தருபவை வேறு. பின்னவை பெரும்பாலும் வாடை காட்டுவதில்லை. மூக்கு ‘கெட்டுவிட்டது’ என்றால் நம்புங்கள், ‘நன்றாக இருக்கிறது’ என்றால் நம்பாதீர்கள்.

மின்வெட்டின்போது தேதி முற்றிலும் பயனற்றது. கதவைத் திறக்காமல் விட்டால் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிரைக் காக்கும். அதன்பின் வெப்பமானியைப் பாருங்கள்: 4 டிகிரிக்கு மேல் 2 மணி நேரத்துக்கும் அதிகமாக இருந்த பால், இறைச்சி, சமைத்த மீதம் எல்லாவற்றையும், உறையில் அடுத்த வாரத் தேதியே இருந்தாலும், கொட்டிவிட வேண்டியதுதான்.