சிவப்புப் புள்ளி வைத்த தட்டு

லண்டனிலிருந்து வந்து சேலத்தில் இறங்கியதும் நேரே அம்மாபேட்டைக்குப் போனேன். சின்னம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகிறது. சாப்பிட உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன், அவர் தட்டின் விளிம்பில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி. டம்ளரிலும் ஒன்று. "மத்ததோட கலந்துடக் கூடாதுன்னு நானே வெச்சேன் கண்ணு" என்றார்.

சிகிச்சையில் குறையில்லை. ஐந்து வாரம் கரண்ட் என்கிற வெளிக் கதிர்வீச்சு, வாரம் ஒரு கீமோ, அப்புறம் உள்ளே வைக்கும் கதிர்வீச்சு. எல்லாம் முதலமைச்சர் காப்பீட்டிலேயே முடிந்திருக்கிறது. ஆனால் கடைசி நாளன்று ஃபைலைக் கையில் கொடுத்து, அடுத்து வர வேண்டிய தேதியைச் சொன்னதோடு சரி. 48 வயதில் மாதவிலக்கு சட்டென்று நின்று ராத்திரியெல்லாம் வியர்த்துக் கொட்ட, நோய்தான் திரும்பிவிட்டது என்று தனியாக அழுதிருக்கிறார். கதிர்வீச்சில் சினைப்பை ஓய்ந்துவிடும் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு மனசே ஆறவில்லை.

கடைசியில் உட்கார்ந்து எடுத்துச் சொன்னவர் ஏற்காட்டில் ஒரு நர்ஸம்மா. சின்னம்மா மகளை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவளுக்கு 30 ஆகிவிட்டதால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனோம். கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். காசு கிடையாது, முடிவும் அப்போதே. அவளுக்கு ஒன்றுமில்லை.

வெளியே பெஞ்சில் இருந்த சின்னம்மாவிடம் நர்ஸம்மா பேச்சுக் கொடுத்தார். தட்டு விஷயம் தெரிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். "புத்துநோய் ஒட்டுவாரொட்டி இல்லைம்மா. இதுக்குக் காரணமான எச்பிவி வைரஸ் முக்கால்வாசிப் பேருக்கு வந்து தானா போயிடும். சிலருக்குப் பல வருஷம் தங்கி இப்படி ஆகுது. நீங்க செஞ்ச தப்பு எதுவும் இல்லை."

சின்னம்மா குரலைத் தாழ்த்தி, சித்தப்பாவோடு சேர்ந்து இருக்கலாமா என்று கேட்டார். ஆறு மாதமாக யாரிடமும் கேட்க முடியாத கேள்வி. நர்ஸம்மா கொஞ்சமும் கூச்சப்படவில்லை. பிறப்புறுப்புப் பாதை வறண்டு சுருங்கும், அதற்கு ஜெல் உண்டு, விரிக்க டைலேட்டர் உண்டு, டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள் என்றார். ரத்தம் பட்டாலோ கால் வீங்கினாலோ தேதிக்குக் காத்திருக்கக் கூடாது என்றும் சொன்னார்.

கிளம்பும் முன் சின்னம்மாவுக்குச் சிகிச்சை தந்த மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். கடைசி நாளில் கால் மணி நேரம், கதவைச் சாத்திக்கொண்டு பேச ஒரு நர்ஸ், வீட்டுக்கு எடுத்துப்போகத் தமிழில் ஒரு தாள். நான் கேட்டது இவ்வளவுதான்.