இன்சுலின் போட சிரிஞ்சா, பேனாவா?

எனக்குச் சர்க்கரை வந்து 19 வருடம் ஆகிறது. இன்சுலின் தொடங்கி 6 வருடம். அதில் முதல் 4 வருடம் பாட்டிலும் சிரிஞ்சும், கடந்த 2 வருடமாகப் பேனா, அதாவது அளவைத் திருப்பி வைத்து அழுத்தும் பேனா வடிவ ஊசி. இரண்டையும் என் வயிற்றிலேயே போட்டுப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், எனக்குப் பேனாதான்.

வலியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பேனாவின் 4 மி.மீ. ஊசி குத்துவதே தெரியாது. சிரிஞ்ச் ஊசி கொஞ்சம் நீளம், அதுவும் ஒரு வாரத்தில் பழகிவிடும். விலையில் பாட்டில்தான் ஜெயிக்கும். 10 மி.லி. பாட்டிலில் 400 யூனிட், பேனாவுக்குள் போடும் 3 மி.லி. மருந்துக் குழாயான கார்ட்ரிட்ஜில் 300 யூனிட். யூனிட் கணக்குப் போட்டால் கார்ட்ரிட்ஜ் அதிகம், ஊசிமுனையும் தனிச் செலவு. அரசு மருத்துவமனையில் இலவசமாக வாங்குபவர்களுக்குப் பெரும்பாலும் பாட்டில்தான் கிடைக்கும். அது மட்டமான மருந்து இல்லை. சரியாக அளந்து போட்டால் அதே வேலையைச் செய்யும்.

அந்த அளக்கும் விஷயத்தில்தான் எனக்குப் பேனா என்று முடிவானது.

நம் ஊரில் பாட்டிலில் வரும் சாதாரண இன்சுலின் மி.லி.க்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. மி.லி.க்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. கடையில் அவசரத்தில் எடுத்துக் கொடுத்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒருமுறை எனக்கு ஆரஞ்சு மூடி வந்துவிட்டது, நானும் கவனிக்கவில்லை. காலையில் 20 கோடு வரை இழுத்தேன். உள்ளே போனது 0.2 மி.லி., அதாவது வெறும் 8 யூனிட். ஒரு வாரமாக வெறும் வயிற்றுச் சர்க்கரை 250-க்குக் கீழே இறங்கவில்லை. டோஸைக் கூட்டலாமா என்று டாக்டர் யோசித்துக்கொண்டிருந்தபோது, பையில் இருந்த சிரிஞ்சைப் பார்த்த நர்ஸம்மாதான் மூடியின் நிறத்தைக் கேட்டார். டோஸைக் கூட்டி, அடுத்த முறை சரியான சிரிஞ்சும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

தலைகீழாக நடந்தால் இன்னும் ஆபத்து. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் போவது 50 யூனிட். லோ சுகரில் ஆள் மயங்கி விழுந்துவிடலாம். பேனா கார்ட்ரிட்ஜில் இருப்பது இந்த 100 யூனிட் மருந்துதான். அதில் மிச்சம் இருக்கிறதே என்று சிரிஞ்சால் உறிஞ்சி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அப்புறம் கண். இத்தனை வருடச் சர்க்கரையில் விழித்திரை பழையபடி இல்லை. காலை ஐந்தரை மணி வெளிச்சத்தில் சிரிஞ்சின் மெல்லிய கோடுகள் 18-ஆ 20-ஆ என்று தெரியாது. பேனாவில் திருப்பும்போதே எண் பெரிதாகத் தெரிகிறது, ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு டிக் சத்தம் வருகிறது. இந்த நோயோடு இன்னும் இருபது, முப்பது வருடம் ஓட வேண்டும். அப்படியென்றால் கண் மங்கினாலும் கை நடுங்கினாலும் அளவு தப்பாமல் போடும் வழிதான் எனக்கு வேண்டும்.

பேனாவிலும் தொந்தரவு உண்டு. ஒவ்வொரு முறையும் 2 யூனிட் வெளியே விட்டுச் சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும், அது வீண்தான். அழுத்திய பிறகு பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்கக் கூடாது. ஒரே முனையை நாள்கணக்கில் போடுவதும், ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருப்பதும் இரண்டிலுமே தப்பு. தோலுக்கடியில் கட்டி கட்டியாகிவிடும், அங்கே போட்டால் மருந்து ஒழுங்காகச் சேராது. பிரித்த மருந்தை வெயில் படாமல் வைக்க வேண்டியதும் இரண்டுக்கும் பொது.

நான் காலை 20, இரவு 12 என்று இரண்டு வேளை கலப்பு இன்சுலின் போடுபவன். மூன்று, நான்கு வேளை போடுபவர்களுக்கும், டோஸ் மிக அதிகம் உள்ளவர்களுக்கும் செலவுக் கணக்கு வேறாக வரலாம். அவர்கள் டாக்டரிடம் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். குழந்தைகளுக்குப் போட்ட அனுபவமும் எனக்கு இல்லை.

பாட்டிலை முழுக்கக் கைவிடவில்லை. பேனா பழுதானால் வேண்டும் என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பாட்டில் இருக்கிறது. பக்கத்து அலமாரியில், மேலே பெரிதாக 40 என்று மார்க்கரில் எழுதிய டப்பாவில், சிவப்பு மூடி சிரிஞ்ச் பத்து.