இரண்டு ஊசி பார்பிக்யூ வெப்பமானி: ஒரு மதிப்புரை

கரி அடுப்பின் மூடியில் ஏற்கெனவே ஒரு முள் வெப்பமானி பொருத்தப்பட்டிருக்கும்போது, இரண்டு ஊசிகளும் கம்பியில்லாமல் இயங்கும் கையடக்கத் திரையும் கொண்ட இந்தக் கருவி பலருக்கு ஆடம்பரமாகத் தோன்றலாம். ஒரு ஊசியை இறைச்சிக்குள் செருக வேண்டும். மற்றொன்றைச் சிறு கவ்வியால் கம்பி வலையின் மீது நிறுத்த வேண்டும். பெட்டியின் மேல் முதல் ஊசிக்குத்தான் புகழ்மாலை. என் கணிப்பில், கொடுத்த காசுக்கு ஈடு செய்வது இரண்டாவது ஊசியே.

மூடியில் உள்ள முள், மூடியின் உச்சியில் தேங்கும் காற்றின் வெப்பத்தைக் காட்டுகிறது. இறைச்சியோ கம்பி வலையில் கிடக்கிறது. தணலை ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கம் இறைச்சியை வைத்து மூடிச் சமைக்கும்போது இவ்விரு இடங்களுக்கும் இடையே 20, 30 டிகிரி வேறுபாடு இருப்பது அரிதன்று. வலை ஊசியை இறைச்சியிலிருந்து மூன்று நான்கு செ.மீ. தள்ளி வைப்பது முக்கியம். குளிர்ந்த இறைச்சியைச் சுற்றியுள்ள காற்றும் குளிர்ந்தே இருப்பதால், ஒட்டி வைத்தால் அடுப்பின் சூடு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

இந்த எண் கண்முன் இருப்பதால் காற்றுத் துவாரங்களைக் கையாளும் முறையே மாறிவிடுகிறது. நீண்ட நேரச் சமையலுக்கு 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் வேண்டுமென்றால், திரை 95ஐத் தொடும்போதே கீழ்த் துவாரத்தைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். ஏனெனில் கரி தாமதமாகவே அடங்கும், 150க்கு ஏறிவிட்ட அடுப்பை இறக்குவது பெரும்பாடு. மூடியைத் திறந்தால் எண் சரசரவென்று சரியும். அதைக் கண்டு துவாரத்தை அகலத் திறப்பவர், மூடிய சில நிமிடங்களில் சூடு இலக்கைத் தாண்டிப் போவதையும் அதே திரையில் காண்பார்.

இறைச்சி ஊசியும் குறை சொல்லும்படி இல்லை. நொறுக்கிய பனிக்கட்டி நிறைந்த நீரில் 0 டிகிரிக்கு மிக அருகில் நின்றது. தடித்த பாகத்தின் நடுவில், எலும்பைத் தொடாமல் செருகினால் நம்பலாம். பெரிய மாட்டு நெஞ்சுத் துண்டு 65 முதல் 75 டிகிரிக்குள் எங்கோ மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும்போது, கருவி பழுதாகிவிட்டதோ என்ற ஐயம் எழுவது இயல்பு. உண்மையில் மேற்பரப்பில் ஆவியாகும் ஈரம் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால்தான் அந்தத் தேக்கம். அவ்வேளையில் வலை ஊசி 115ஐக் காட்டிக்கொண்டிருந்தால், கரியைக் கூட்டாமல் பொறுத்திருக்கலாம் என்று தெளிவாகிவிடும்.

குறைகளில் முதலாவது, இறைச்சி வகையைத் தேர்ந்தால் தானே இலக்கு வெப்பத்தை நிர்ணயிக்கும் வசதி. நெஞ்சுத் துண்டு 93 டிகிரியை ஒட்டித்தான் பஞ்சாக இளகும். அதையும் விரைவில் வெந்துவிடும் மென்துண்டையும் ‘மாட்டிறைச்சி’ என்ற ஒரே பெயரில் அடக்குவது பயனற்றது. இலக்கை நாமே பதிவதே நல்லது: கோழிக்கு 74, அரைத்த இறைச்சிக்கு 71, முழுத் துண்டுகளுக்கு 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறை கூறும் பாதுகாப்பு அளவு. பெரிய துண்டு அடுப்பைவிட்டு இறங்கிய பிறகும் சில டிகிரி ஏறும் என்பதால், மிருதுவாக வேண்டிய வறுவல் துண்டுக்கு எச்சரிக்கை மணியைச் சற்று முன்கூட்டியே வைக்கலாம். அந்த மணியின் ஒலியைக் குறைக்க வழியில்லை என்பது இன்னொரு எரிச்சல்.

மெல்லிய துண்டுகளை நேர்த்தணலில் புரட்டி எடுப்போருக்கு இது வேண்டியதில்லை. ஊசி நிலைகொள்ளப் பல வினாடிகள் ஆவதால், அவர்களுக்கு ஓரிரு வினாடியில் விடை சொல்லும் தெர்மோகப்பிள் வகைக் கைக்கருவியே பொருந்தும். முழுக் கோழி, தொடை, நெஞ்சுத் துண்டு என மூடிச் சமைப்போர் தயங்காமல் வாங்கலாம். ஊசியும் கம்பியும் சேரும் இணைப்பில் நீர் புகுந்தால் அளவு தாறுமாறாகும் என்பதால், கழுவாமல் ஈரத்துணியால் துடைப்பதோடு, மாற்று ஊசி தனியாகக் கிடைக்கிறதா என்பதையும் வாங்கும்போதே விசாரித்துக்கொள்ள வேண்டும்.