17-ஆம் முனை யாருடையது? கட்டளை வரியில் ஜிபிஐஓ: ஐந்து வழிகள், ஒரு தேர்வு

தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விடும் சிறிய மோட்டார் ஒன்றை ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி அட்டையின் 17-ஆம் ஜிபிஐஓ முனையில் (நிரலால் இயக்கக்கூடிய மின்முனை) இணைத்திருக்கிறேன். காலையில் இருபது விநாடி ஓடும், நிற்கும். அதற்கு ஆறு வரி ஷெல் ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் அட்டவணையில் ஒரு வரி. பல காலம் தொல்லையில்லாமல் ஓடிய அந்த ஸ்கிரிப்ட், இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாளிலிருந்து மோட்டாரைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் மண்ணில் விரலை வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

காரணம் எளியது. அந்தப் புதுப்பிப்பில் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் 6.6 பதிப்பு வந்தது. அதில், என் ஸ்கிரிப்ட் பயன்படுத்திய, முனைகளைக் கோப்புகளாகக் காட்டும் பழைய சிஸ்எஃப்எஸ் வழியின் எண் வரிசை 0-க்குப் பதிலாக 512-இல் தொடங்குகிறது. ஆகவே 17-ஆம் முனை அங்கே 529. நான் 17 என்று எழுதியதற்கு ‘இன்வாலிட் ஆர்குமென்ட்’ என்ற பதில் வந்துகொண்டிருந்தது. என் ஸ்கிரிப்ட் அதைக் கவனிக்கவில்லை. எண்ணை மட்டும் திருத்தியிருந்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் மற்ற வழிகளையும் ஒருமுறை ஒழுங்காக முயன்று பார்த்துவிட வேண்டும் என்று அன்று தோன்றியது.

முதலில் சிஸ்எஃப்எஸ். இதன் கவர்ச்சி எனக்கு நன்றாகப் புரிகிறது. எதையும் நிறுவ வேண்டாம். ஒரு கோப்பில் எண்ணை எழுதினால் முனை திறக்கும், இன்னொரு கோப்பில் 1 எழுதினால் மின்சாரம் வரும், அதையே படித்தால் நிலை தெரியும். ‘எக்கோ’வும் ‘கேட்’டும் தெரிந்தவர்களுக்கு அது போதும். ஆனால் 2016-இல் வந்த லினக்ஸ் 4.8 இதற்கு மாற்றாக, நிரல்கள் கெர்னலிடம் முனையைக் கேட்டு வாங்கும் எழுத்துச் சாதன இடைமுகத்தைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்தே சிஸ்எஃப்எஸ் கைவிடப்பட வேண்டிய வழிகளின் பட்டியலில் இருக்கிறது. போதாததற்கு, முனையைத் திறந்த அடுத்த கணமே திசையை எழுதினால் சில நேரம் அனுமதி மறுக்கப்படும். கோப்பின் உரிமைகள் மாறுவதற்குள் ஸ்கிரிப்ட் முந்திக்கொள்கிறது. இடையில் ஒரு பத்தில் ஒரு பங்கு விநாடி உறங்கச் சொல்லி அதைச் சமாளித்தேன். அப்படிப்பட்ட ஒட்டுப்போடல்கள் எனக்குப் பிடிப்பதில்லை.

வயரிங்பை என்ற பழைய கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லா முனைகளையும் ஒரே அட்டவணையாகக் காட்டும் அதன் கட்டளை இன்றும் அழகுதான். ஆனால் அதற்கென்று தனி எண் முறை உண்டு: நம்முடைய 17-ஐ அது 0 என்கிறது, அட்டையில் எண்ணினால் அதுவே 11-ஆம் கால். ஒரே முனைக்கு மூன்று எண்கள். அதை உருவாக்கிய கார்டன் ஹெண்டர்சன் 2019-இல் விலகிக்கொண்டார். இப்போது வேறு ஆர்வலர்கள் பராமரிக்கிறார்கள். துல்லியமான துடிப்புகளை அனுப்பும் பிக்பிஐஓ கருவியின் களம் வேறு. சர்வோ மோட்டாருக்கு 1500 மைக்ரோ விநாடித் துடிப்பைக் கட்டளை வரியிலிருந்தே அனுப்ப வேண்டுமென்றால் அதன் பின்னணிச் சேவையைப் போல எளிதான வழி இல்லை. ஆனால் பை 5-இல் அது இயங்காது. அங்கே முனைகள் மையச் சிப்பிலிருந்து விலகி, பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக இணைந்த ஆர்பி1 என்ற தனிச் சிப்புக்குப் போய்விட்டன. மையச் சிப்பின் பழைய கட்டுப்பாட்டுப் பதிவேடுகளை நேரடியாகத் தட்டும் கருவிகளுக்கு அங்கே தட்டுவதற்குக் கதவே இல்லை.

அடுத்தது பின்கன்ட்ரோல். பழைய ராஸ்பி-ஜிபிஐஓ கருவியின் இடத்துக்கு வந்தது, பை 5-ஐயும் அறிந்தது. 2-ஆம் முனையைக் கேட்டால், அது இப்போது ஐ2சி தொடர்பின் எஸ்டிஏ1 வேலையில் இருக்கிறது, உள் மின்தடையால் மேலே (உயர்நிலைக்கு) இழுக்கப்பட்டிருக்கிறது, மின்னழுத்தம் உயர்நிலையில் இருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடும். வயரைத் தப்பான காலில் செருகிவிட்டோமா என்ற சந்தேகம் வந்தால் என் கை முதலில் இதைத்தான் தேடும். இதன் பலமே இதன் ஆபத்தும்: கெர்னலைக் கேட்காமல் நேரே வன்பொருளில் எழுதுகிறது. வேறொரு நிரல் பிடித்து வைத்திருக்கும் முனையையும் தயங்காமல் மாற்றிவிடும், அந்த நிரலுக்குத் தகவலே போகாது. நிலையைப் பார்க்க இதை முழு மனதோடு பரிந்துரைப்பேன். ஆளில்லாத நேரத்தில் ஓடும் வேலையை இதனிடம் ஒப்படைக்க மாட்டேன்.

நான் மாறியது, முன்பு சொன்ன எழுத்துச் சாதன இடைமுகத்தைப் பயன்படுத்தும் லிப்ஜிபிஐஓடி கட்டளைத் தொகுப்புக்கு. வேகமோ வசதியோ காரணமில்லை. அதன் கட்டளைகள் சிஸ்எஃப்எஸ்ஸைவிடச் சற்றுக் குழப்பமானவை என்றுகூடச் சொல்வேன். ஒரே ஒரு கேள்விதான் என்னை மாற்றியது: கட்டளை முடிந்த பிறகு அந்த முனை யாருடையது?

சிஸ்எஃப்எஸ்ஸில் யாருடையதும் இல்லை. 1 எழுதினேன், இருபது விநாடி காத்திருந்தேன், 0 எழுதினேன். இடையில் யாரோ ஸ்கிரிப்டைக் கொன்றுவிட்டால்? நினைவகம் நிரம்பிக் கெர்னலே அதை வெளியேற்றினால்? 0 எழுத ஆளில்லை. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். கெர்னலுக்கும் ‘சிஸ்எஃப்எஸ் பிடித்திருக்கிறது’ என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. எல்இடி விளக்கு என்றால் கவலையில்லை. தண்ணீரும் மோட்டாரும் என்றால் இது சிறிய விஷயம் இல்லை. இத்தனை காலம் இந்த ஓட்டையோடுதான் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

லிப்ஜிபிஐஓடியில் முனையைக் கேட்டு வாங்கும் செயல்முறைதான் அதன் உரிமையாளர். அது உயிரோடிருக்கும் வரை முனை அதனுடையது. வேறு எதுவும் கெர்னல் வழியாகக் கேட்டால் ‘சாதனம் பயன்பாட்டில் உள்ளது’ என்ற மறுப்பே வரும். அது முடிந்தாலோ கொல்லப்பட்டாலோ கெர்னல் முனையை விடுவிக்கிறது. யார் பிடித்திருக்கிறார்கள் என்பதையும் ஜிபிஐஓஇன்ஃபோ கட்டளை பெயரோடு காட்டும். நான் ‘மோட்டார்’ என்று பெயர் கொடுத்திருக்கிறேன். 17-ஆம் வரிக்கு நேரே அந்தப் பெயரைப் பார்க்கும்போது ஒரு நம்பிக்கை வருகிறது.

புதிதாக வருபவர்கள் முதலில் இடறுவதும் இங்கேதான். லிப்ஜிபிஐஓடியின் 2-ஆம் தலைமுறையில், முனைக்கு மதிப்பு எழுதும் ஜிபிஐஓசெட் கட்டளைக்கு ‘ஜிபிஐஓ17=1’ என்று கொடுத்தால், அது திரும்பி வராமல் அப்படியே நிற்கும். தொங்கிவிட்டது என்று எண்ணிக் கன்ட்ரோல்-சி அழுத்தினால் ரிலேயும் விடுபட்டுவிடலாம். அது பழுதில்லை, முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அதன் வேலை. குறிப்பிட்ட நேரம் மட்டும் பிடிக்க வேண்டுமென்றால் பிடிக்கும் காலத்தை 20 விநாடி என்றும், நிலைமாற்றும் காலத்தைச் சுழியம் என்றும் கொடுத்தால் போதும்: இருபது விநாடி பிடித்துவிட்டுத் தானே வெளியேறும். என் ஆறு வரி ஸ்கிரிப்ட் ஒரு வரியானது இப்படித்தான். அதை அழைத்த ஷெல் நடுவில் செத்தாலும் இந்தக் கணக்கு நிற்காது.

விடுவித்த பிறகு முனை எந்த நிலையில் இருக்கும்? இதற்குக் கெர்னல் ஆவணங்கள் உறுதி எதுவும் தருவதில்லை. ராஸ்பெரி பையின் இயக்கியில் இதைத் தீர்மானிக்கும் அளவுரு ஒன்று உண்டு: அது இயங்கினால் கடைசி வெளியீடு அப்படியே நிற்கும், இயங்காவிட்டால் முனை உள்ளீடாகத் திரும்பிவிடும். இயல்பு மதிப்பை நம்பாமல், பூட் கட்டளை வரியில் அதைச் சுழியம் என்று வெளிப்படையாக எழுதி வைத்தேன். கூடவே முனைக்கும் தரைக்கும் இடையே 10 கிலோ ஓம் மின்தடை ஒன்று. 17-ஆம் முனை பூட் நேரத்தில் கீழே இழுக்கப்படுவது. 0 முதல் 8 வரையிலான முனைகள் மேலே இழுக்கப்படுபவை. உயர்நிலையில் இயங்கும் ரிலேயை அந்த ஒன்பதில் ஒன்றில் மாட்டாதீர்கள். பிறகு மோட்டார் ஓடும்போது ஜிபிஐஓசெட்டைக் ‘கில் -9’ போட்டுக் கொன்று பார்த்தேன். ரிலே ‘டக்’ என்று விடுபட்டது, குழாயில் தண்ணீர் நின்றது. பத்து முறை செய்தேன், பத்து முறையும் அப்படியே. பழைய ஸ்கிரிப்டில் இதே சோதனையைச் செய்தபோது நானே ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்க வேண்டியிருந்தது.

லிப்ஜிபிஐஓடியின் குறையையும் மறைக்க விரும்பவில்லை. அதை நம்பி மாறியவனையே அது ஒருமுறை மீண்டும் எழுத வைத்தது. டெபியன் இயங்குதளத்தின் புக்வார்ம் பதிப்பில் இருப்பது 1.6, அடுத்த பதிப்பான ட்ரிக்ஸியில் 2.2, இரண்டுக்கும் கட்டளை அமைப்பு ஒன்றில்லை. பழையதில் ஜிபிஐஓசெட் இயல்பாகவே எழுதிவிட்டு உடனே வெளியேறும், பிடித்து நிற்கத் தனியே சொல்ல வேண்டும். முனையின் பெயரைக் கொண்டு எண்ணைத் தேடித்தரும் ஜிபிஐஓஃபைண்ட் புதியதில் இல்லை. பெயரையே நேரடியாகக் கொடுத்துவிடலாம் என்பதால் எடுத்துவிட்டார்கள். இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகளில் பெரும்பகுதி பழைய அமைப்பில் இருப்பதால், முதலில் உங்கள் பதிப்பு எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முனைத் தொகுதிக்குக் கெர்னல் தரும் சிப் எண்ணையும் நம்ப வேண்டாம். பை 5 வந்த புதிதில் முனைகள் ஜிபிஐஓசிப் 4-இல் இருந்தன. பிந்தைய கெர்னலில் 0-க்கு வந்துவிட்டன. பெயரால் அழைத்தவர்களுக்கு அந்த மாற்றம் தெரிந்தேயிருக்காது. பிற அட்டைகளில் என் அனுபவம் மெலிது: ஒரு பீகிள்போனில் ஒரு மாலை மட்டும் முயன்றேன், அதே கட்டளைகள் அங்கும் ஓடின. சில அட்டைகளில் முனைகளுக்குப் பெயரே வைத்திருக்க மாட்டார்கள். அங்கே எண்ணோடுதான் காலம் தள்ள வேண்டும்.

இப்போது கிரானில் இருப்பது ஜிபிஐஓசெட் வரி ஒன்று. பிழையின்றி முடிந்ததா என்று சொல்லும் அதன் வெளியேறு குறி சுழியமாக இல்லையென்றால் எனக்கு ஒரு மின்னஞ்சல் வரும். சிஸ்எஃப்எஸ்ஸிலேயே தொடர நினைப்பவர்கள், 529 என்று திருத்துவதற்கு முன்பு இந்த மின்னஞ்சல் வரியையாவது சேர்த்துவிடுங்கள்.