ஆறு வருடமாக என் கோட்டுப் பையில் ஒரு நெட்டார்

ஸ்டுட்கார்ட் கார்ல்ஸ்பிளாட்ஸில் சனிக்கிழமை கூடும் பழம்பொருள் சந்தையில் வாங்கிய மடிப்புக் கேமரா இது. ஜெர்மன் நிறுவனமான ஸைஸ் இகானின் நெட்டார் 517/16. இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில், அதிகம் செலவழிக்க முடியாதவர்களுக்காகச் செய்தது. மூன்று கண்ணாடி நோவார் லென்ஸ், 75 மி.மீ., ஒளித்துளை அதிகபட்சம் எஃப் 4.5 (எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்). 120 என்ற அகல ஃபிலிம் ரோலில் 6×6 செ.மீ. சதுரமாகப் பன்னிரண்டு படம் வரும்.

முதல் சில ரோல்களில் பாதிப் படங்கள் கலங்கலாக வந்தன. லென்ஸைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கோளாறு என் கையில் இருந்தது. பொத்தானை அழுத்திப் படக்கென்று திறக்கும்போது லென்ஸையும் கேமரா உடலையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி ஒரே மூச்சில் விரிந்து காற்றை உறிஞ்சும். அந்த இழுப்பில் உள்ளே ஃபிலிம் முன்பக்கம் புடைத்துக்கொள்ளும். இப்போது கேமராவின் முன்கதவை உள்ளங்கையில் தாங்கி மெதுவாக இறக்குகிறேன். ரோலையும் திறந்த பிறகுதான் சுற்றுகிறேன், சுற்றும் இழுவையில் ஃபிலிம் மறுபடி தட்டையாகிவிடும். படம் எடுத்த கையோடு அடுத்த எண்ணுக்குச் சுற்றிவைக்கும் பழக்கத்தை விடத்தான் ரொம்ப நாள் ஆனது.

தூரத்தைக் கண்ணால்தான் அளக்க வேண்டும். தெருப் படத்துக்குக் கவலையில்லை: தூர வளையத்தையும் துளை அளவையும் அவற்றிலுள்ள சிவப்புப் புள்ளிகளில் வைத்தால் சுமார் 5 மீட்டருக்கு அப்பால் எல்லாம் தெளிவு. ஆனால் துளையை முழுசாகத் திறந்து 2 மீட்டரில் ஆள் படமா? ஒரு சாண் பிசகினால் கண் போய்க் காது தெளிவாகும். என் மனைவியின் காதுகள் என்னிடம் நிறைய உண்டு.

இன்னொரு தொல்லை. லென்ஸ் மேலுள்ள ஷட்டர் நெம்புகோலை ஏற்றாமல் படமெடுக்கும் விசையை அழுத்தினால் எதுவும் பதியாது, ஆனால் ஒரே சட்டத்தில் (ஃபிரேமில்) இரண்டு படம் விழாமல் தடுக்கும் பூட்டு விழுந்துவிடும். புதியவர்கள் அந்தச் சட்டத்தை வீணாக்கி அடுத்ததற்குச் சுற்றுவார்கள். தேவையில்லை, நெம்புகோலை ஏற்றி, ஷட்டரின் ஓரத்தில் விசை வந்து தள்ளும் சின்ன முனையை விரல் நுனியால் தட்டினால் போதும்.

எஃப் 11-இல் நெக்கார் ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டங்களின் வரிசை வரிசையான கழிகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி வருகின்றன. எதிர்வெயிலில் மட்டும் படம் வெளுத்துப்போகும், தொப்பியால் மறைத்துக்கொள்கிறேன். கண்ணாடி போட்டவர்களுக்கு அந்தக் குட்டி வியூஃபைண்டர் நரகம்.

செல்ஃப் டைமரை நான் தொடுவதே இல்லை. இத்தனை வருட எண்ணெய் இறுகிய ஷட்டரில் அது பாதியில் நின்றால் ஷட்டரும் கூடவே நின்றுவிடும்.