கூண்டா, பேட்டா, வாசலா? சிறிய இன நாய்க்குட்டியின் கழிப்பிடப் பழக்கத்துக்கு எது சரிப்படும்

பொமரேனியன், ஷிட்சூ, சிவாவா, மால்டீஸ் போன்ற சிறிய இனங்களை வளர்ப்பவர்களிடம் ஒரே மாதிரியான புலம்பலைக் கேட்கலாம்: கூப்பிட்டால் வருகிறது, உட்காரச் சொன்னால் உட்காருகிறது, ஒன்றுக்கும் இரண்டுக்கும் மட்டும் நினைத்த இடத்தில் போகிறது. பெரிய இனங்களைவிட இவற்றுக்கு இந்தப் பழக்கம் படிய நாள் பிடிக்கும் என்பது உண்மைதான். பிஷோன் ஃப்ரிஸேவும் யார்க்‌ஷயர் டெரியரும் இதில் பேர்போனவை. அதற்காக இவற்றை மந்தம் என்று முடிவுகட்டுவது அநியாயம். டாய் பூடில் நாய்களிலேயே கெட்டிக்கார வகைகளில் ஒன்று. அதுவும்தான் கம்பளத்தை நனைக்கிறது.

காரணங்கள் இரண்டு. ஒன்று உடல். மூத்திரப்பை சிறியது. அதோடு, மிகச் சிறிய குட்டிகளை நெடுநேரம் பட்டினி போட முடியாது. இரத்தத்தில் சர்க்கரை சரிந்து துவண்டுவிடும். அதனால் நாளுக்கு 3, 4 வேளை உணவு கொடுக்க வேண்டியிருக்கிறது. உள்ளே போவது அத்தனை முறை என்றால் வெளியே வருவதும் அத்தனை முறைதான். இரண்டாவது காரணம் நாம். பெரிய நாய் கூடத்தில் குளம் கட்டினால் அன்றைக்கே விழித்துக்கொள்வோம். சின்னது சோபாவுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு விட்டுவைத்தால் கண்ணிலேயே படாது. பட்டாலும் ஒரு துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, "பாவம், குட்டிதானே" என்று நகர்ந்துவிடுவோம். யாரும் பார்க்காமல் அங்கே போன ஒவ்வொரு முறையும், அதுதான் தன் கழிப்பிடம் என்று அதன் மனதில் இன்னும் கொஞ்சம் உறுதியாகிறது.

குட்டியின் வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால், அத்தனை மணி நேரம் அடக்கும் என்று ஒரு பொதுக்கணக்கு சொல்வார்கள். 2 மாதக் குட்டிக்கு 3 மணி நேரம். சிறிய இனத்துக்கு இதை அப்படியே நம்பக்கூடாது. தூக்கத்தில் அடக்கும், விழித்து ஓடியாடும் வேளையில் அரை மணிக்கு ஒரு முறைகூட அவசரம் வரும். ஆகவே எந்த முறையைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் கேட்பது, அவசரம் வந்த நொடியில் சரியான இடம் குட்டிக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைத்தான். அடுத்து, தவறு நடக்கும் வாய்ப்பை அந்த முறை எவ்வளவு அடைக்கிறது.

முதல் நாளே வெளியே

குட்டி கடைசிவரை எங்கே போக வேண்டுமோ, அந்த இடத்தையே ஆரம்பத்திலும் காட்டிவிடுகிறோம். பிறகு எதையும் மறக்கடிக்க வேண்டியதில்லை. இந்த நன்மைக்கு ஈடு வேறு எந்த முறையிலும் இல்லை. தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்ட 5 முதல் 30 நிமிடத்துக்குள், விளையாடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று மூக்கைத் தரையில் பதித்து வட்டமடிக்கத் தொடங்கினால் அந்தக் கணமே, தூக்கிக்கொண்டு போக வேண்டும். நடத்திக் கூட்டிப்போனால் பாதி வழியில் பின்னங்கால் மடங்கிவிடும். கையில் இருக்கும்போது பெரும்பாலும் விடாது. மாடிப்படியிலும் இப்படித் தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம். சிறிய இனம் வளர்ப்பவருக்குக் கிடைத்திருக்கும் பெரிய சலுகை இது.

ஆனால் வழியில் தடைகள் உண்டு. தடுப்பூசி வரிசை முடிய ஏறக்குறைய 16 வார வயதாகிவிடும். குட்டிகளுக்கு உயிராபத்தான வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் வீரியம் குறையாமல் கிடக்கக்கூடியது. பிற நாய்கள் வராத தோட்டமோ முற்றமோ சொந்தமாக இருந்தால் கவலையில்லை. பல நாய்கள் வந்துபோகும் பொதுப் புல்வெளிதான் கதி என்றால், எங்கே இறக்கிவிடலாம், எப்போது இறக்கிவிடலாம் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று ஈரம். பெரிய நாய்க்குப் பாதத்தளவு நிற்கும் புல் சிவாவாவுக்கு வயிற்றில் உரசும். மழை ஓய்ந்த காலையில் அது வாசற்படியில் நின்று, ஒரு முன்னங்காலை மடக்கித் தூக்கிக்கொண்டு, நம்மையும் புல்லையும் மாறி மாறிப் பார்க்கும். இறங்காது.

வெளியே பத்து நிமிடம் எல்லாவற்றையும் மோந்துவிட்டு, உள்ளே வந்து கதவோரமே நனைக்கும் குட்டிகள் ஏராளம். இதைப் பிடிவாதம் என்று எண்ணுகிறார்கள். குட்டியின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு. வெளியே காரியம் முடிந்ததும் நாம் உடனே வீட்டுக்குத் திருப்பிவிடுகிறோம். போகாமல் இருக்கும்வரை உலாத்தல் நீள்கிறது. பிறகு ஏன் போக வேண்டும்? மாற்ற வேண்டியது நம் வரிசையைத்தான். ஒரே இடத்தில், கயிற்றைக் குறுக்கிப் பிடித்து, பேச்சுக் கொடுக்காமல் நிற்க வேண்டும். போனவுடன் அந்த இடத்திலேயே தின்பண்டம், அதன் பிறகு உலாத்தல். வீட்டுக்குள் வந்தபின் கொடுக்கும் தின்பண்டம் வீட்டுக்குள் வந்ததற்கான பரிசாகிவிடும்.

கூண்டு

பிறந்த குட்டிகள் தாய் நக்கித் தூண்டினால்தான் கழிக்கும். ஏறத்தாழ 3 வார வயதுக்குப் பிறகு தாமே எழுந்து, படுக்கையைவிட்டு விலகிப் போகத் தொடங்கும். படுக்கும் இடத்தை அழுக்காக்கப் பிடிக்காத இந்த இயல்பின் மேல்தான் கூண்டு முறை நிற்கிறது. உள்ளே நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். தாராளமாக இருக்கட்டும் என்று பெரிதாக வாங்கினால், குட்டி ஒரு மூலையைப் படுக்கையறையாகவும் எதிர்மூலையைக் கழிப்பறையாகவும் வைத்துக்கொள்ளும். நடுவே தடுப்புப் பலகை வைத்துச் சுருக்கிக்கொள்ளலாம்.

இரவுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. நம் கட்டிலை ஒட்டி வைத்தால் குட்டி முனகும் சத்தம் கேட்கும். எழுந்து தூக்கிப் போய்விட்டு, விளையாட்டுக் காட்டாமல் திரும்பப் படுக்க வைக்கலாம். பகலில்தான் எனக்கு இதன்மேல் மனத்தாங்கல். கூண்டு குட்டிக்கு அடக்கக் கற்றுத்தருகிறது. எங்கே போவது என்பதைக் கற்றுத்தருவதில்லை. அடக்கும் திறனே குறைவாக உள்ள உடலிடம் அதையே கேட்பதால் எல்லை சீக்கிரம் வந்துவிடும். வேறு வழியில்லாமல் உள்ளேயே போய், அதிலேயே படுத்து எழுந்த குட்டிக்கு அந்த அருவருப்பு மெல்ல விட்டுப்போகிறது. விட்டுப்போனதைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. கம்பிக் கூண்டிலேயே அடைத்து வளர்க்கப்பட்டு விற்பனைக்கு வரும் குட்டிகள் சில, இந்த நிலையில்தான் நம் கைக்கே வருகின்றன. அவற்றிடம் கூண்டு முறையை நம்பிப் பயனில்லை.

பேட்

சிறுநீரை உறிஞ்சும் பேட்தான் சிறிய இனங்களுக்கென்றே பரவலாகச் சிபாரிசு செய்யப்படுவது. தூரம் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. நான்கு எட்டில் போய்விடலாம். தடுப்பூசி முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, உயரமான மாடியில் இருப்பவர்கள், நடக்கச் சிரமப்படும் முதியவர்கள், கடுங்குளிரில் வாழ்பவர்கள் என்று பலருக்கும் இது பிழைத்துப்போகும் வழி.

இருந்தாலும் கொஞ்சம் குனிந்து கவனியுங்கள். குட்டி பேட்டைத் தேடி வருகிறது, முன்னங்கால் இரண்டையும் அதன்மேல் வைக்கிறது, கால் பட்ட உணர்வு வந்ததும் நின்றுவிடுகிறது. பின்பாதி உடல் இன்னும் தரையில். காரியம் முடிந்து நிமிர்ந்து நம்மைப் பார்க்கும்போது, சொன்னதைச் செய்துவிட்ட பெருமை அதன் முகத்தில். பேட் உலர்ந்திருக்கிறது, சிறுநீர் தரையோரமாக ஓடுகிறது. இதற்குத் திட்டினால் அதற்கு ஒன்றும் புரியாது. விளிம்பு உயர்ந்த தட்டில், குட்டி முழுதாக உள்ளே ஏறி ஒரு சுற்றுச் சுற்ற இடம் இருக்குமாறு பெரிதாக விரித்தால் இது பெருமளவு குறைகிறது. விளிம்புச் சட்டம் பேட்டைக் கவ்வி இழுப்பதையும் தடுக்கும். கிழித்து விழுங்கினால் உள்ளே இருக்கும், நீரில் ஊதிப் பெருக்கும் பொருள் வயிற்றுக்கு ஆபத்து.

பேட்டின் மேல் எனக்குள்ள பெரிய குறை வேறு. 'இப்போதைக்கு மட்டும்' என்று சொல்லித் தொடங்குவார்கள். எந்தத் தரையில் போவது என்ற விருப்பம் குட்டிகளுக்கு முதல் 2 மாத வயதையொட்டியே படியத் தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் மெத்தென்ற துணிதான் கழிப்பிடம் என்று காலுக்குப் பழக்கிவிட்டு, பிறகு புல்லுக்கு மாறச் சொல்கிறோம். குட்டி ஒரு மணி நேரம் வெளியே அடக்கிக்கொண்டு சுற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து பேட்டில் நிம்மதியாகப் போகும். பேட்டை எடுத்துவிட்டாலோ, காலுக்கு அதே மாதிரி தட்டுப்படும் குளியலறை மிதியடியிலும் படுக்கையறைக் கம்பளத்திலும் போகும். ஒரே பழக்கத்தை இரண்டு முறை கற்றுத்தருவதுடன் நடுவில் ஒன்றை அழிக்கவும் வேண்டியிருப்பதால், கையாள்வதற்கு எளிது என்று பெயர் வாங்கிய முறையே கடைசியில் அதிக மாதங்களைத் தின்றுவிடுகிறது.

கடைசிவரை பேட்தான் என்று தெளிவாக முடிவெடுப்பவர்களிடம் எனக்கு மறுப்பில்லை. சில கிலோ எடையுள்ள நாய்க்கு அது ஆயுள் முழுக்க நடக்கும் ஏற்பாடுதான். ஆண் குட்டி 6 மாதத்தைக் கடந்து காலைத் தூக்கத் தொடங்கும்போது மட்டும் சுவர் நனையும். பேட்டின் நடுவில் ஒரு குட்டைக் கம்பத்தை நிறுத்தினால் சிறுநீர் அதன்மேல் விழும்.

புல் தட்டு

மாடி முகப்பிலோ திறந்த மூலையிலோ வைக்கும் புல் தட்டை, பேட்டுக்கும் வாசலுக்கும் நடுவில் வைத்துப் பேசுவது வழக்கம். என்னைக் கேட்டால் இது வாசலின் பக்கம் சேர்ந்தது. காலில் படுவது புல். பிற்பாடு வெளியே இறக்கிவிட்டாலும் அதே புல். மறக்கடிக்க எதுவும் இல்லை. தொல்லை பராமரிப்பில். செயற்கைப் புல்லை அடிக்கடி அலசாவிட்டால் நாற்றம் மூக்கைத் துளைக்கும். நிஜப் புல் சில வாரங்களில் பழுத்துவிடும், மாற்ற வேண்டும். தட்டில் புல்லுக்குப் பதிலாக மரத்தூள், காகிதத் துண்டுகள் போட்டும் சிலர் பழக்குகிறார்கள். பூனைகளுக்கென்று விற்கும், ஈரம் பட்டால் கட்டியாகும் மணல் மட்டும் கூடாது. குட்டி அதைத் தின்னும். வயிற்றிலும் அது கட்டியாகும்.

கயிறும் மணியும்

குட்டியின் கயிற்றை நம் இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டு வேலை பார்ப்பது, கண் பார்வையிலிருந்து அது தப்பாமல் இருக்க நல்ல உத்தி. காலடியில் ஒரு கிலோ உயிர் அலைவதால் மிதித்துவிடாமல் நடக்கத் தெரிந்திருக்க வேண்டும். கதவில் மணி கட்டி அடிக்கக் கற்றுத்தருவது, பழக்கம் படிந்த பிறகு சேர்க்க வேண்டிய அலங்காரம். கெட்டிக்காரக் குட்டி இரண்டே நாளில் அணிலைப் பார்க்கவும் மணி அடிக்கும்.

யாருக்கு எது

பகலில் ஒருவர் வீட்டில் இருக்கிறார், பிற நாய்கள் வராத வெளியிடம் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம்: பகலில் வாசல், இரவில் கூண்டு. வெளியிடமே இல்லை, அல்லது பொதுப் புல்வெளிதான் கதியாக இருந்து தடுப்பூசி முடியவில்லை என்றால் புல் தட்டு, இரவில் அதே கூண்டு. பகல் முழுக்க ஆள் இல்லாத வீட்டில் கூண்டில் அடைத்துவிட்டுப் போவதை மட்டும் செய்யாதீர்கள். அதற்குப் பதில் சிறு வேலி அடைப்பு கட்டி, ஒரு கோடியில் படுக்கையும் மறு கோடியில் புல் தட்டும் வைத்து, நண்பகலில் யாராவது வந்து பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவும் முடியாதவர், குட்டியை வாங்கும் நாளைத் தள்ளிப்போடுவது நல்லது.

வாங்கும் முன் வளர்ப்பவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: இதுவரை குட்டி எதன்மேல் போய்வந்தது? காகிதமா, மண்ணா, கம்பித் தளமா என்று தெரிந்தால் முறையைத் தேர்வதில் பாதி வேலை முடிந்தது.

எதைத் தேர்ந்தாலும் தவறிய இடத்தை கழிவைச் சிதைத்து வாசனையைப் போக்கும் என்சைம் (நொதி) கலந்த துப்புரவுத் திரவத்தால் கழுவ வேண்டும். வெறும் சோப்பு நம் மூக்கை ஏமாற்றும், நாயின் மூக்கை அல்ல. அமோனியா கலந்தவை சிறுநீர் வாசனையையே நினைவூட்டுவதால் வேண்டாம். மூக்கை அதில் தேய்த்துத் தண்டிக்கும் பழைய வைத்தியத்தால் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: இந்த மனிதர் கண்ணெதிரே போகக்கூடாது. அப்புறம் வெளியே கூட்டிப்போனாலும் நம் முன்னால் போகாது. கட்டிலுக்கு அடியில் போகும்.

பழகிவிட்ட குட்டி திடீரென்று அடிக்கடி சொட்டுச் சொட்டாக விடத் தொடங்கினால் முறையைச் சந்தேகிக்க வேண்டாம். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். நாம் வீடு திரும்பியதும் காதை ஒடுக்கி, தரையோடு தரையாகப் பதுங்கிச் சில சொட்டு விடுவதும் பயிற்சிக் குறைவால் அல்ல. அது பணிவு, அந்த வேளையில் அதன் கட்டுப்பாட்டில் இல்லாதது. மேலே கவிந்து கொஞ்சுவதை விட்டுவிட்டு, சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து அதுவாக வரும்வரை பேசாமல் இருந்தால், வளர வளரப் பெரும்பாலும் தானே நின்றுவிடுகிறது.